செத்த வண்டிகளிடம் கேட்ட ஆயுள்

என் அக்காள் கணவர் பார்க்கிற வேலையை ஒருவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். "கார் கம்பெனியா?" என்பார்கள். இல்லை. "பெட்ரோல் கம்பெனியா?" அதுவும் இல்லை. ஒரு கார் பிறந்ததிலிருந்து சாகிற வரைக்கும் மொத்தம் எவ்வளவு எரிசக்தியைத் தின்கிறது என்று கணக்குப் பார்க்கிற வேலை. "அதான் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்னு கம்பெனிக்காரனே சொல்றானே?" என்று அடுத்த கேள்வி வரும். அத்தான் பக்கத்தில் இருந்தால் முகம் சிவந்துவிடும். லிட்டர் கணக்கு கார் உயிரோடு இருக்கையில் சாப்பிடுகிற சாப்பாடு மட்டும்தான். அதற்கு முன்னால் மண்ணைத் தோண்டி இரும்பு எடுத்தது, உருக்கியது, கண்ணாடி வார்த்தது, பெயின்ட் காய்வதற்குச் சூளையில் வைத்தது, கப்பலேற்றியது, கடைசியில் நசுக்கி மறுபடியும் உருக்குவது, இதெல்லாம் யார் தலையில் எழுதுவது என்று கேட்பார். கேட்டவர் அதற்குள் நழுவிப் போயிருப்பார்.

அவருடைய அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு மாடி. பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அங்கேதான் கார்களை அக்கக்காகப் பிரிப்பார்கள். கதவு ஒரு மூலை, சீட்டு ஒரு மூலை, திருகாணிகள் பிளாஸ்டிக் டப்பாக்களில். ஒவ்வொன்றையும் எடை பார்த்து, இதில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு ரப்பர், எவ்வளவு செம்பு என்று பிரித்துப் போடுவார்கள். சீட்டு உறையைக் கிழித்து உள்ளே இருக்கிற பஞ்சைத் தனியாக எடை போட்ட ஒரே மனிதர் அத்தான்தானாம். அதனால் அங்கே அவருக்குத் தராசு என்று பெயர். வீட்டுக்குப் போன் பண்ணினாலும் "தராசு இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். அக்காவும் சளைக்காமல், "இருக்கார், கூப்பிடுறேன். முள் ஆடி நிக்கட்டும்" என்பாள்.

குத்துமதிப்பு என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "இந்தப் பை எவ்வளவு கனம் இருக்கும்?" என்று பேச்சுக்குக் கேட்டால்கூட, "எடை போடாம எப்படிச் சொல்றது?" என்பார். இன்னொரு பிடிவாதம், வீட்டில் எதையும் தூக்கிப் போட விடமாட்டார். கால் ஒடிந்த நாற்காலிக்கு மூன்று தடவை கால் மாற்றியிருக்கிறார். எந்தப் பொருளைச் செய்யவும் ஒரு தடவைதான் செலவு, அது எத்தனை காலம் உழைக்கிறதோ அத்தனைக்கு அந்தச் செலவு பரவிக் குறைந்துபோகும் என்பது அவருடைய வேதம். "அப்படிப் பார்த்தா இந்த வீட்டுலயே மலிவான சாமான் நான்தான்" என்பாள் அக்கா. அத்தான் சிரிக்கமாட்டார். யோசிப்பார். அதுதான் வயிற்றெரிச்சல்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் வாடகைக் கார் ஓட்டுகிறவள். கல்யாணம் செய்து பார்த்தேன், ஒத்துவரவில்லை. கார் ஓட்டிப் பார்த்தேன், ஒத்துவந்தது. அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். என் வண்டி பேட்டரியில் ஓடுகிற சின்ன வண்டி. பச்சை நிறம், உருண்டையான முகம், அதனால் பட்டாணி என்று கூப்பிடுவேன். அதை வாங்கச் சொன்னதே அத்தான்தான். மற்றவர்கள் எல்லாம் பெரிய வண்டியாக எடு, நாலு பேர் அதிகம் ஏறுவார்கள் என்றபோது, "உனக்கு ஏறுற ஆள் ஒண்ணோ ரெண்டோ. அதுக்கு எதுக்கு ரெண்டு டன் இரும்பைச் சேர்த்து இழுக்கணும்?" என்று ஒற்றைக் காலில் நின்றார். அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று. முழங்கால் வலிக்காரத் தையல்காரம்மா, வாரம் தவறாமல் மருத்துவமனைக்குப் போகிற ஓய்வுபெற்ற தபால்காரர், இப்படி எனக்கென்று ஒரு கூட்டம் சேர்ந்தது. பட்டாணி தாழ்வாக இருக்கும், ஏறி இறங்க அவர்களுக்குச் சுலபம். அந்த வண்டியில்தான் என் பிழைப்பு, என் மரியாதை எல்லாம். யாரிடமும் கை நீட்டாமல் மாடிப்படி ஏறிப் போய்ப் படுக்கிறேன் என்றால் அதனால்தான்.

இப்போது அத்தான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அவருடைய கணக்கில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு எண் உண்டு. வண்டியின் ஆயுள். செய்ய ஆன எரிசக்தியை எல்லாம் கூட்டி, அது வாழ்நாளில் ஓடுகிற மொத்தக் கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். வண்டி நீடித்து ஓடினால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் விழும். அற்பாயுசில் போனால் நிறைய விழும். இந்த ஆயுளை மற்ற இடங்களில் கம்பெனிக்காரர்களிடமே கேட்டு எழுதிக்கொள்வார்களாம். அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. "விக்கிறவன்கிட்ட ஆயுள் கேட்டா அவன் தீர்க்காயுசுன்னுதான் சொல்லுவான்" என்றார். அவர் நேராகக் காயலான் கடைக்குப் போனார். ஊருக்கு வெளியே கார்களை உடைத்து இரும்பாக விற்கிற பெரிய கடை. உடைபடுவதற்கு வந்த ஒவ்வொரு வண்டியின் மீட்டரையும் பார்த்து, இது இத்தனை கிலோமீட்டரில் செத்தது என்று பதிந்துகொண்டு வந்தார். வருடக்கணக்கில், மழையோ வெயிலோ, சட்டைக் கைகளில் கிரீஸோடு. "செத்த வண்டி பொய் சொல்லாது" என்பார். அந்த வார்த்தையில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. எங்களுக்கும் இருந்தது.

அறிக்கை வெளியானது. அதில் பெரிய கனமான வண்டிகளின் ஆயுள் மூன்று லட்சம் கிலோமீட்டர். பட்டாணி மாதிரியான சின்ன பேட்டரி வண்டிகளுக்கு ஒரு லட்சம். வகுத்துப் பார்த்தால், டாங்கி மாதிரி இருக்கிற வண்டி கிலோமீட்டருக்குக் குறைவாகத் தின்கிறது, பட்டாணி அதிகம் தின்கிறது என்று விடை வந்தது. அத்தானுக்கே முதலில் நம்ப முடியவில்லையாம். திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்திருக்கிறார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

பத்திரிகைகள் விடுமா? 'சின்ன வண்டிதான் பெரிய தீனிக்காரன்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். அத்தானின் படமும் வந்தது, தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. எதிர்வீட்டு வக்கீல் ஒரு பெரிய வண்டி வைத்திருக்கிறார், அதைத் தெருவில் திருப்பினால் இரண்டு வீட்டு வாசலை மறைக்கும். அவர் என்னைப் பார்த்து, "என்னம்மா, உன் வண்டிக்கு வாயைக் கட்டச் சொல்லு" என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் நேராக உள்ளே போனேன்.

"அத்தான், அந்த ஆள் வண்டியை விட என் பட்டாணி மோசமா?"

"கணக்கு அப்படித்தான் வருதும்மா."

"கணக்குக்குக் கண்ணு இல்லையா? ரெண்டு வண்டியையும் பக்கத்துல நிறுத்திப் பாருங்களேன்."

"கண்ணால பார்த்துச் சொல்றதா இருந்தா எனக்கு எதுக்குச் சம்பளம்?" என்றார். அவரும் சந்தோஷமாக இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் காலை அவருடைய ஸ்கூட்டர் கிளம்பவில்லை. உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். நான் அலுவலகத்தில் இறக்கிவிடுகிறேன் என்றேன். மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு தெரு தாண்டியிருப்போம்.

"சின்னவளே, இந்த மீட்டர் சரியா ஓடுதா?"

"ஓடாம? ஏன், நான் திருப்பி வெச்சிருக்கேன்னு நினைக்கிறீங்களா?"

"இல்லம்மா. இது ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தொடப்போகுது."

"ஆமா. அதுக்கென்ன?"

"இந்த வண்டி ஒரு லட்சத்துலயே செத்திருக்கணும்."

எனக்குச் சுரீர் என்றது. "காலங்காத்தால வாயில நல்ல வார்த்தையே வராதா அத்தான் உங்களுக்கு? சவாரிக்குப் போற வண்டி இது" என்று கத்தினேன். அவர் காதிலேயே விழவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலக வாசலில் நிறுத்தினேன், இறங்கவில்லை. "நீங்கள்லாம் சார்ஜ் போடுற இடம் இருக்குல்ல, அங்க போ" என்றார்.

அன்று முழுக்க என் சவாரி எல்லாம் கெட்டது. சார்ஜ் நிலையத்தில் வரிசையாக நிற்கிற சின்ன வண்டிகளுக்குள் எல்லாம் தலையை விட்டு மீட்டரைப் பார்த்தார். ஓட்டுநர்கள் இவர் யார், வரி போடுகிறவரா என்று என்னை ஜாடையில் கேட்டார்கள். எல்லா வண்டியும் லட்சத்தைத் தாண்டியிருந்தது, அல்லது தாண்டப்போகிற நிலையில் இருந்தது. எதற்கும் ஒரு கோளாறும் இல்லை. அங்கிருந்து காயலான் கடைக்கு ஓட்டச் சொன்னார். அவருக்குப் பழகிய இடம். ஆனால் அன்றைக்கு மீட்டரைப் பார்க்கவில்லை, வண்டிகளின் உடம்பைப் பார்த்தார். அங்கே கிடந்த சின்ன பேட்டரி வண்டிகளில் ஒன்று லாரியில் மோதி நசுங்கியது. ஒன்று வெள்ளத்தில் மூழ்கியது. ஒன்று தீயில் வெந்தது. தன்னாலே வயதாகி வந்தது ஒன்றுகூட இல்லை. அத்தான் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார். பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் சமையலறையில் அக்கா தேநீரை அவர் முன்னால் வைத்தாள். அவர் எடுக்கவில்லை.

"ஒரு புது ஊருன்னு வெச்சுக்கோ. எல்லாரும் இளவயசுக்காரங்க, முப்பது வயசுக்கு மேல அந்த ஊர்ல ஆளே கிடையாது. அந்த ஊர் இடுகாட்டுல போய், இங்க செத்தவங்களுக்கெல்லாம் என்ன வயசுன்னு கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"இருபது, இருபத்தஞ்சுன்னு சொல்லுவாங்க" என்றாள் அக்கா. "கிழவங்கதான் இல்லையே. விபத்துல, நோயில போனவங்கதான இருப்பாங்க."

"அதை வெச்சுக்கிட்டு, அந்த ஊர்ல மனுஷன் ஆயுசே இருபத்தஞ்சுன்னு ஒருத்தன் எழுதினா?"

"அவனை முட்டாள்னு சொல்லுவாங்க."

"அதைத்தான் நான் எழுதியிருக்கேன்" என்றார் அத்தான்.

பெரிய வண்டிகள் சாலைக்கு வந்து ஒரு தலைமுறை ஆகிறது. அவை கிழடாகித்தான் காயலான் கடைக்கு வருகின்றன. சின்ன பேட்டரி வண்டிகள் வந்தே ஏழெட்டு வருடம்தான். அத்தான் செத்தவற்றிடம் மட்டுமே விசாரித்தார், சாகாமல் ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறவற்றைப் பற்றி அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷம் பொங்கியது, வக்கீல் முகத்தில் அடிக்கலாம் என்று. அத்தான் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

"சரி, மனுஷன்னா தப்பு வராதா? அழிச்சிட்டு வேற எழுதுங்க" என்றாள் அக்கா.

"என்ன எழுதுறது?"

"சரியானதை."

"சரியானது எனக்குத் தெரியாதே. அதுல ஒண்ணுகூட இன்னும் வயசாகிச் சாகலையே. ரெண்டு லட்சம் ஓடுமா, நாலு லட்சம் ஓடுமா, ஓடி முடிஞ்சாத்தான் தெரியும்."

"அது வரைக்கும்?"

"காத்திருக்கணும்" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் இயக்குநரிடம் போனார். இயக்குநர் ஒரு காலத்தில் அத்தானிடம் வேலை கற்றவர், மரியாதை உள்ளவர். அவரைத் திட்ட எனக்கு ஆசைதான், ஆனால் திட்டுவதற்கு அவர் இடமே வைக்கவில்லை. "சார், நீங்க தப்புன்னா தப்புதான். சரியான எண்ணைச் சொல்லுங்க, இன்னைக்கே மாத்திடலாம்" என்றாராம். அத்தான் "தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். "அந்தக் கட்டத்துல தெரியாதுன்னு போட்டா கம்ப்யூட்டரே ஏத்துக்காதே சார். வகுக்கணுமே. தெரியாதுங்கிறதால எப்படி வகுக்கிறது?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "குத்துமதிப்பா ஒரு ரெண்டு லட்சம்னு போட்டுடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

யாரிடம் கேட்கிற கேள்வி இது? அத்தான் எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் நான் அவரைக் கிழிகிழி என்று கிழித்தேன். "ரெண்டு லட்சம்னு போட்டுத் தொலைச்சா என்ன குறைஞ்சிடும்? ஒரு லட்சத்தை விட அது நிஜத்துக்குப் பக்கத்துலதான இருக்கு?"

"இருக்கலாம்."

"அப்புறம் என்ன?"

"முதல் தடவை தெரியாம தப்பு பண்ணிட்டேன். இப்ப தெரிஞ்சே பண்ணச் சொல்றியா?"

"ஆமா, பண்ணுங்க" என்றேன். இந்த மனுஷரை வைத்துக்கொண்டு அக்கா எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். இப்போது யோசித்தால், அவர் அப்போது பொய்யாக ஒரு எண்ணைப் போட்டிருந்தாலும் நான் அவரை மதித்திருப்பேனா என்று தெரியவில்லை.

கடைசியில் அவர் அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தார். இந்த ஆயுள் எண்ணை நம்பிப் பயன்படுத்த வேண்டாம், காரணம் இன்னது என்று. இயக்குநர் அதை மறுக்காமல் சேர்த்தார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், எறும்பு மாதிரி எழுத்தில். அதைப் படித்தவர்கள் என்று எனக்குத் தெரிந்து மூன்று பேர்: அத்தான், அக்கா, நான். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

அந்த எண் அதற்குள் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. ஒரு கல்லூரிப் பாடத்தில் வந்தது. தொலைக்காட்சியில் ஒருவர் அதைச் சொல்லி இன்னொருவரை மடக்கினார். வெளியூரிலிருந்து வந்த ஒரு ஆராய்ச்சியில் அதே ஒரு லட்சம் இருப்பதைப் பார்த்து, வேறு யாரோ தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார்களோ என்று அத்தான் ஆவலாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். ஆதாரம் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருந்தது. அவர் கடிதம் எழுதினார், போன் பண்ணினார், நேரில் போனார். எல்லாம் கிணற்றில் போட்ட கல். சிலர் அவருடைய அடக்கத்தை மெச்சினார்களாம்.

பிறகுதான் அந்த உத்தரவு வந்தது. ஆயுள் முடிந்த வாடகை வண்டிகள் எரிசக்தியை வீணடிக்கின்றன, ஆகவே ஆயுளைத் தாண்டிய எந்த வண்டிக்கும் இனி உரிமம் புதுப்பிக்கப்படாது. வண்டியைக் காயலான் கடையில் ஒப்படைத்துச் சான்று கொண்டுவந்தால் வேறு வண்டிக்கு உரிமம் கிடைக்கும். எந்த வண்டிக்கு எவ்வளவு ஆயுள் என்று கீழே போட்டிருந்தது. படிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

போக்குவரத்து அலுவலகத்துக்கு அத்தானும் என்னோடு வந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு. எங்கள் முறை வந்தபோது மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் பட்டாணியின் எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"ஆயுள் முடிஞ்சு போச்சும்மா. நாப்பதாயிரத்துக்கும் மேல அதிகமா ஓட்டியிருக்கீங்க."

"வண்டி நல்லா இருக்குங்க. கீழதான் நிக்குது, வந்து பாருங்க."

"நான் பார்த்து என்ன செய்ய? நிபுணர் அறிக்கை அப்படிச் சொல்லுது."

அத்தான் முன்னால் வந்தார். "அம்மா, அந்த நிபுணர் நான்தான்."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பத்திரிகையில் வந்த படம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், எழுந்து நின்றார். "உக்காருங்க சார். அப்ப உங்களுக்கே தெரியுமே, இவங்களுக்கு நீங்களே எடுத்துச் சொல்லலாமே."

"நான் எழுதினது தப்பு."

"சார்?"

"ஒரு லட்சம்னு நான் போட்டது தப்பு. இந்த வண்டியோட ஆயுள் அது இல்லை."

"அப்ப எவ்வளவு சார்?"

அத்தான் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் அவர் முழங்கையை இடித்தேன். "தெரியாதும்மா" என்றார் கடைசியில்.

அந்த அம்மாள் பாவம், நல்லவர்தான். "எண் இல்லாம நான் எதைத் தட்டுறது சார்? புது எண் ஏதாவது வந்துதுன்னா சொல்லுங்க, உடனே இவங்களுதை எடுத்துப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வண்டியை ஒப்படைக்க வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். படியில் இறங்கும்போது அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை. நானும் திட்டவில்லை. திட்டுவதற்கு ஒன்றும் பாக்கி இல்லை.

தேதிக்கு முந்தின நாள் தையல்காரம்மாவை வீட்டில் விட்டேன். வழக்கம்போல் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, "அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரமா வா" என்றார். இனிமேல் ஒரு டிராவல்ஸ்காரருடைய பெரிய வண்டியைத்தான் நான் ஓட்டப்போகிறேன், உத்தரவுப்படி அதற்குத்தான் ஆயுள் கெட்டி. அதில் ஏற இரண்டு படி உண்டு. அந்த முழங்காலுக்கு அது எட்டாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அத்தான் எனக்கு முன்னால் தயாராகி வாசலில் நின்றார். "நான் வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அக்கா கதவோரம் நின்று பார்த்த பார்வையில், "ஏறுங்க" என்றேன்.

காயலான் கடைக்காரர் அத்தானைக் கண்டதும் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். நாற்காலி போட்டார். "என்ன சார், உங்களைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. முன்ன மாதிரி நீங்க அலையவே வேண்டாம் இப்ப. நாங்க போன்ல தட்டினா நேரா உங்க ஆபீசுக்கே போயிடுது" என்று போனைக் காட்டினார். "தட்டிடலாமா? மீட்டர் எவ்வளவு? நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார், உங்க வாயால வந்தா எனக்கும் பெருமை."

அத்தான் பட்டாணிக்குள் குனிந்தார். நான் அவர் பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன். "மூணு லட்சம்னு சொல்லுங்க அத்தான். உங்க கணக்குலயாவது அது நல்லா வாழ்ந்துட்டுப் போகட்டும்." என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் மீட்டரில் இருந்த எண்ணை ஒன்று விடாமல் படித்தார்.

"காரணம் என்ன போடட்டும் சார்?"

"காரணமா?"

"இப்ப புதுசா கேக்குறாங்க. விபத்து, தீ, வெள்ளம், ஆயுள் முடிவு. நாலுல ஒண்ணு."

"இந்த வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே."

"அது இதுல இல்லையே சார்." கடைக்காரர் மரியாதைக்குக் கொஞ்சம் காத்திருந்தார். கடைக்காரர் நாலாவதைத் தட்டினார். "நான் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் சார். உங்களை மாதிரி ஆளை நான் பார்த்ததில்லை. அங்க பாருங்க."

கொட்டகைக்கு அந்தப் பக்கம் சின்ன வண்டிகள் வரிசையாக நின்றன. பச்சை, வெள்ளை, நீலம். ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. இரண்டொன்றைக் கழுவிக்கூடக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வேலை முடிந்து ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போகப்போகிற மாதிரி நின்றன.

"எல்லாம் லட்சத்துப் பத்து, லட்சத்து இருபது, அதிகமாப் போனா லட்சத்து அம்பது. ஒண்ணாவது ரெண்டு லட்சத்தைத் தாண்டிச்சுன்னு இல்லை. நீங்க அன்னைக்கு எழுதினது இன்னைக்கு அப்படியே வருது. எப்படி சார் முன்கூட்டியே கண்டுபிடிச்சீங்க?"

அத்தான் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது. கோபம் இருந்தபோது கொஞ்சம் பலம் இருந்தது. அதுவும் போயிற்று.

"காத்திருந்தா தெரியும்னு நினைச்சேன்" என்றார் என்னிடம். "இனிமே தெரியவே தெரியாது, சின்னவளே. இதெல்லாம் எவ்வளவு ஓடியிருக்கும்னு இனிமே யாருக்கும் தெரியாது."

கடைக்காரருக்கு அது காதில் விழவில்லை. "பழைய வண்டின்னா கயிறு கட்டி இழுக்கணும். இதுல அந்தத் தொல்லையே இல்ல. நீங்களே ஓட்டிட்டுப் போய் அந்த வரிசையில கடைசியா நிறுத்திடுங்கம்மா. சாவி உள்ளயே இருக்கட்டும்" என்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். பொத்தானை அமுக்கியதும் பட்டாணி எப்போதும் போல் ஒரு சின்னச் சத்தம் கொடுத்து விழித்தது. முந்தின நாள் பழக்கத்தில் முழுக்க சார்ஜ் போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பக்கக் கதவைத் திறந்து அத்தானும் ஏறினார். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"மெதுவா போம்மா" என்றார்.

மெதுவாகத்தான் போனேன். அந்த வரிசை ஐம்பதடி தள்ளி இருந்தது. எவ்வளவு மெதுவாகப் போனாலும் ஐம்பதடி ஐம்பதடிதான்.